தமயந்தியின் புடவை

சிவப்புப் புடவை, பளிச்சென்ற சரிகைக் கரை. நின்றபடி தமயந்தி கேட்க, அன்னம் நளனைப் பற்றிச் சொல்கிறது. ராஜா ரவிவர்மா 1899இல் தீட்டிய ‘ஹம்ச தமயந்தி’ திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா கலைக்கூடத்தின் சேகரிப்பைச் சேர்ந்தது. வகுப்பில் இந்தப் படத்தைக் காட்டும் ஓவிய ஆசிரியர் முகத்தையும் அன்னத்தையும் விளக்கிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. படத்தின் பாதி வேலை புடவையில்தான் நடந்திருக்கிறது.

கிரேக்கப் புராணத்தை எண்ணெய் வண்ணத்தில் பெரிதாக வரைந்த ஐரோப்பியப் புதுச்செவ்வியல் ஓவியர்களுக்கு உடை பற்றிய திண்டாட்டம் குறைவு. கணவன் ஹெக்டரின் சடலத்தருகே புலம்பும் ஆண்ட்ரமாக்கியை 1783இல் வரைந்த ழாக் லூயி தாவீத், அதற்கு முன்பே ரோமில் தங்கிப் பழஞ்சிற்பங்களைப் பார்த்து வரைந்து பழகியிருந்தார்.

உடைக்குப் பழஞ்சிற்பத்தைப் பார்த்துக்கொள்ளும் அந்த வசதி ரவிவர்மாவுக்கு இல்லை. நம் கோயில் சிற்பங்களில் இடுப்புக்கு மேலே பெரும்பாலும் நகைதானே! பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் 14 புராணப் படங்கள் கேட்டபோது, தம்பி ராஜராஜவர்மாவுடன் வடநாடு சுற்றி, எல்லோருக்கும் பொதுவான பழைய உடை உண்டா என்று தேடினார். ஊருக்கு ஊர் கட்டு மாறியது. கடைசியில் தம் காலத்துப் பெண்களின் புடவையையே நாயகியர் பலருக்கும் உடுத்திவிட்டார். அந்த வரிசையில் திரௌபதியின் துகிலுரிதலும் உண்டு. துணியே கதையான படம்.

கலை விமர்சகர் ஆனந்த குமாரசாமி ரவிவர்மாவின் படங்களை நாடகத்தனம் என்று சாடினார். முகபாவங்களைப் பொறுத்தவரை அதில் நியாயம் உண்டு. துணிக்கு அது பொருந்தாது.

1894இல் ரவிவர்மா பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் படங்கள் வீட்டுச் சுவர்களை நிறைத்தன. ஆனால் நிறத்துக்கொரு கல் வைத்து, புள்ளி புள்ளியாக அச்சிட்ட பிரதியில் மடிப்பின் நிழல் தட்டையாகிவிடும். அதைப் பார்த்து மடிப்பு கற்பது வீண்.

ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு போன்ற தறி ஊர்களில் ஓவியம் சொல்லித்தருபவருக்கு மாதிரி தேடும் வேலையே இல்லை. கஞ்சி போட்ட பருத்தி முறிந்து மடியும். பட்டு வழுக்கி இறங்கும். இரண்டையும் நாற்காலியில் போட்டு, ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் விட்டு வரையச் சொல்லலாம். எண்ணெய் வண்ணம் மெதுவாக உலர்வதால் நிழலை ஈரத்திலேயே இழைக்க நேரம் கிடைக்கும். சரிகைக்குத் தங்க வண்ணம் வேண்டாம். மஞ்சள் காவியும் பழுப்பும் பூசி, மடிப்பின் முகட்டில் மட்டும் வெளிர் மஞ்சள் ஒரு தீற்று.

அசலைப் பார்க்கத் திருவனந்தபுரம் வரை போக முடியாத இந்தத் தறி ஊர்க்காரர்கள் பக்கத்துத் திருத்தணியில் சென்னை ரயில் ஏறலாம். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் சேகரிப்பிலும் ரவிவர்மாவின் எண்ணெய் ஓவியங்கள் உள்ளன.