டிக்கியில் ஒரு தண்ணீர் பாட்டில்

எங்கள் வீட்டு வண்டி மாருதி 800, 2006 மாடல். டிக்கியில் ஜாக்கி இருக்கிறதோ இல்லையோ, ரெண்டு லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டில் ஒன்றில் போர் தண்ணீர் கட்டாயம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை காபி குடித்ததும் அப்பா பானெட்டைத் திறப்பார், ரேடியேட்டர் மூடியைத் திருகுவார், எட்டிப் பார்ப்பார், அரை லிட்டர் ஊற்றுவார், மூடுவார். "வண்டிக்குத் தாகம்டா" என்பார். இது ஒன்றரை வருஷம் நடந்தது.

நான் படிப்பது பி.காம். எங்கள் பாடத்தில் சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்று ஒன்று உண்டு. டிரையல் பேலன்ஸ் ரெண்டு பக்கமும் ஒத்துவரவில்லை என்றால் வித்தியாசத்தைத் தற்காலிகமாக அதில் போட்டு வைப்போம். தவறைக் கண்டுபிடித்ததும் அதை மூடிவிட வேண்டும். மூடாமல் வருஷா வருஷம் எடுத்துக்கொண்டு போனால் ஏதோ ஒரு நாள் ஆடிட்டர் வந்து மானத்தை வாங்குவார். அப்பாவின் பாட்டில் எங்கள் வண்டியின் சஸ்பென்ஸ் அக்கவுண்ட். வாரம் அரை லிட்டர் எங்கே போகிறது என்று யாருமே கேட்கவில்லை, நான் உட்பட.

ஆடிட்டர் போன வருஷம் ஏப்ரல் மாதம் வந்தார். திண்டிவனம் பக்கம் ஒரு கல்யாணம். தாம்பரத்தில் இருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் போகிறோம். பின் சீட்டில் அம்மாவும் ஆயாவும். ஆயாவுக்கு சுகர், எழுபத்தெட்டு வயசு. மேல்மருவத்தூர் தாண்டியதும் டெம்பரேச்சர் முள் மெல்ல ஏறியது. "அப்பா, ஓரம் கட்டுங்க" என்றேன். "பங்க் வந்துடும், அங்க நிழல் இருக்கும்" என்றார். பங்க் நாலு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அதற்குள் முள் தானாகவே கீழே இறங்கியது. அப்பா முகத்தில் ஒரு நிம்மதி. "பாத்தியா?" என்றார். அடுத்த நிமிஷம் பானெட் ஓரத்தில் புகை.

முள் ஏன் இறங்கியது என்று பிறகுதான் தெரிந்தது. டெம்பரேச்சர் சென்சார் திரவத்தில் முங்கி இருந்தால்தான் ஒழுங்காகக் காட்டும். கூலன்ட் தீர்ந்துபோய் அது வெறும் காற்றில் நின்றால் குறைவாகக் காட்டலாம். அதாவது ஏறிய முள் சும்மா இறங்கினால் அது நல்ல செய்தியாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

அதன் பிறகு நடந்ததுதான் கொடுமை. கொதிக்கிற இன்ஜினில் அப்பா அந்தப் பாட்டிலைக் கவிழ்த்தார். மூடியைத் திறந்தபோது கை வெந்தது தனிக் கதை. நடுமதியம் ஆயா ரோட்டோரம் ஒரு புளியமரத்தடியில் ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கல்யாணச் சாப்பாடு கிடைக்கவில்லை, அம்மா கைப்பையில் இருந்த பிஸ்கட்தான். அன்றைக்கு ஆயாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, தெய்வாதீனம். அப்பா அதன் பிறகு ஒரு மாதம் வண்டியின் பக்கமே போகவில்லை. காயலான் கடைக்குப் போட்டுவிடலாம் என்று ராத்திரி அம்மாவிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு வயது இரண்டு இருக்கும்போது வாங்கிய வண்டி. அவர் வண்டி மேல் கோபப்படவில்லை, தன் மேல்தான் என்று எனக்குப் புரிந்தது.

சரி, விஷயத்துக்கு வருவோம். அந்த ஒன்றரை வருஷத்தில் நாங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினோம். "ரேடியேட்டர் போச்சு சார்" என்று மாற்றினார்கள். ஒழுக்கு நிற்கவில்லை. "அப்போ ஹோஸ்" என்று மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் மாற்றினார்கள். நிற்கவில்லை. கடைசியில் ஒழுக்கை அடைக்கும் திரவம் ஒன்றை ஊற்றி, "இனிமே கவலையில்ல" என்றார்கள். ரெண்டு மாதம் நின்றது போலத்தான் இருந்தது. மூன்று முறை காசு கொடுத்தோம். ஒரு முறைகூட யாரும் டெஸ்ட் செய்யவில்லை.

என் கருத்து இதுதான்: ஒழுக்கு எங்கே என்று கண்ணால் பார்க்காமல் ஒரு பார்ட்டைக்கூட மாற்ற விடாதீர்கள். அதைப் பார்ப்பதற்கு ஒரு எளிய கருவி இருக்கிறது. சைக்கிள் பம்ப் மாதிரி ஒரு கைப்பம்ப், அதில் ஒரு மீட்டர். ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, அந்த இடத்தில் இதை மாட்டி, மூடியில் பொறித்திருக்கும் அழுத்தம் வரை அடிக்க வேண்டும். அதற்கு மேல் அடித்தால் நல்ல ஹோஸும் கெட்டுப்போகும். அப்புறம் முள்ளைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். முள் அசையவில்லை என்றால் பெரும்பாலும் சிஸ்டம் நலம். இறங்கினால், டார்ச்சோடு குனிந்து தேட வேண்டியதுதான். எங்கள் தெருக்கோடியில் நாற்பது வருஷமாக வேலை பார்க்கும் மெக்கானிக் பாய் இதைச் செய்ய வாங்கியது முந்நூறு ரூபாய். அதற்கு முன்னால் நாங்கள் ரேடியேட்டருக்கும் ஹோஸுக்கும் கொட்டியது பல ஆயிரம்.

அழுத்தம் எதற்கு என்று கேட்கலாம். வண்டி ஓடும்போது கூலன்ட் சிஸ்டம் ஒரு பிரஷர் குக்கர். மூடியில் 0.9 என்று போட்டிருந்தால், காற்றழுத்தத்துக்கு மேல் அவ்வளவு தாங்கும் என்று அர்த்தம். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 100 டிகிரிக்குப் பதில் கிட்டத்தட்ட 118 டிகிரியில்தான் கொதிக்கும். கூலன்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் இன்னும் மேலே போகும். அந்த மூடியின் ரப்பர் காய்ந்துபோனால் குக்கரில் விசில் போடாத கதைதான், சீக்கிரம் கொதித்துவிடும். நூத்தைம்பது, இருநூறு ரூபாய் மூடி. ஆனால் எந்த ஒர்க்‌ஷாப்பிலும் முதலில் அதைப் பார்ப்பதில்லை. (அதில் லாபம் இல்லையே!) இன்ஜின் ஆறியபின் மேல் ஹோஸ் சப்பிப்போய்க் கிடந்தால், மூடியில் உள்ள வாக்யூம் வால்வு வேலை செய்யவில்லை என்று சந்தேகப்படலாம்.

டெஸ்டருக்கு முன்னால் வீட்டிலேயே பார்க்கக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போடுங்கள். காலையில் கறை இருந்தால் அது இன்ஜினின் எந்த மூலைக்கு நேர் கீழே என்று பாருங்கள். பலர் ஏ.சி. தண்ணீரைப் பார்த்து அலறுவார்கள். அது நிறமில்லாமல், வாசனையில்லாமல், பிசுக்கில்லாமல் இருக்கும், அது சொட்டத்தான் வேண்டும். கூலன்ட் விரலில் வழுவழுப்பாக இருக்கும், ஒரு மாதிரி இனிப்பு வாடை அடிக்கும், காய்ந்த இடத்தில் பச்சையோ வெள்ளையோ பொடி பூத்திருக்கும். வண்டிக்குள்ளே அந்த வாடை வந்து, டேஷ்போர்டுக்குக் கீழே கார்பெட் ஈரமாக இருந்தால் ஹீட்டர் கோரில் ஒழுக்கு. நம் ஊரில் ஹீட்டரை யார் போடுகிறார்கள் என்று அந்தப் பக்கமே போக மாட்டோம். போடாவிட்டாலும் ஹீட்டர் அங்கேதான் இருக்கிறது.

கறையே இல்லை, ஆனால் அளவு குறைகிறது என்றால்தான் வயிற்றில் புளி கரைய வேண்டும். ஒன்று, சொட்டு சூடான இரும்பில் விழுந்து தரையைத் தொடும் முன் ஆவியாகிறது. இல்லையென்றால் ஹெட் கேஸ்கெட் வழியாக உள்ளே போகிறது. உள்ளே போனால் சைலன்சரில் இன்ஜின் சூடான பிறகும் விடாமல் வெள்ளைப் புகை வரும், ரேடியேட்டரில் குமிழி வரும், சில சமயம் ஆயில் ஸ்டிக்கில் பால் காபி நிறம் தெரியும்.

எங்கள் வண்டியில் பாய் டெஸ்டரை மாட்டி அடித்ததும் முள் சடசடவென்று விழுந்தது. கீழே சொட்டு இல்லை. டார்ச்சையும் ஒரு ஷேவிங் கண்ணாடியையும் எடுத்து, வாட்டர் பம்ப் புல்லிக்குப் பின்னால் காட்டி, "தம்பி, இங்க வா" என்றார். பம்பின் உடம்பில் அடிப்பக்கம் சின்னதாக ஒரு ஓட்டை. அதைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாய்ப் படை. அந்த ஓட்டையை வேண்டுமென்றே வைக்கிறார்கள். உள்ளே சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் அதன் வழியே வெளியே வந்து நமக்குச் சொல்ல வேண்டும் என்பதற்காக. ஒன்றரை வருஷமாக அது சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

பிறகு பிளக்குகளைக் கழற்றினார். மூன்று சிலிண்டரில் நடு சிலிண்டரின் பிளக் மட்டும் கழுவி வைத்த மாதிரி பளபளவென்று இருந்தது. ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொன்னார். அந்தப் பிளக் ஓட்டையிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்தது. "ஆரம்பம் பம்ப். கேஸ்கெட்டு நீங்க சம்பாதிச்சது" என்றார். பங்க் வரைக்கும் ஓட்டிய நாலு கிலோமீட்டரும், கொதிக்கிற ஹெட்டில் ஊற்றிய பச்சைத் தண்ணீரும் சம்பாதித்துக் கொடுத்தது. ஹெட் அலுமினியம். சூட்டில் அது இரும்பை விட அதிகம் விரியும், திடீரென்று குளிர்ந்தால் கோணும். ஹெட்டைக் கழற்றி லேத்தில் முகம் எடுத்து, புது கேஸ்கெட், புது பம்ப், ஆயில், கூலன்ட் எல்லாம் சேர்த்து 11,400 ரூபாய் ஆனது. முதல் நாளே பார்த்திருந்தால் பம்பின் விலையும் ஒரு நாள் கூலியும்தான்.

புதுப்பேட்டையில் பழைய வண்டியில் கழற்றிய பம்ப் பாதி விலைக்குக் கிடைக்குமே என்று நான் கேட்டேன். வேண்டாம் என்றார். கதவு, பம்பர், லைட் எல்லாம் அங்கே வாங்கலாம், தேய்மானம் கண்ணுக்குத் தெரியும். பம்பின் சீல் தேய்ந்திருப்பது மாட்டி ஓடவிட்ட பிறகுதான் தெரியும்.

அப்பாவைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. அவர் ஓட்டக் கற்றது ஆபீஸ் அம்பாசடரில். பல பழைய வண்டிகளில் சூடாகி வெளியே போகும் தண்ணீரைப் பிடித்து வைக்க ரிசர்வ் பாட்டிலே கிடையாது, அது ரோட்டுக்குப் போய்விடும். அதனால் தண்ணீர் குறைவது சகஜம், ஊற்றுவது டிரைவரின் கடமை. கனமான இரும்பு இன்ஜின் கொஞ்சம் கொடுமையைப் பொறுத்துக்கொண்டது. அந்தக் காலத்துக்கு அது சரியான பாடம். மாருதி மாதிரி மூடிய சிஸ்டத்தில் கூலன்ட் குறையவே கூடாது. குறைந்தால் ஓட்டை இருக்கிறது, அவ்வளவுதான்.

ஊற்றியது போர் தண்ணீர் என்பது இன்னொரு பிரச்சினை. எங்கள் ஏரியா தண்ணீரில் கொதிக்க வைத்த பாத்திரம் எப்படி வெள்ளை படிகிறது என்று அம்மாவைக் கேட்டால் அரை மணி நேரம் சொல்வார். அதே உப்பு ரேடியேட்டர் குழாய்களிலும் பம்ப் சீலிலும் படியும். கூலன்டில் துருவைத் தடுக்கும் மருந்து இருக்கிறது. வாரம் அரை லிட்டர் தண்ணீர் சேர்த்தால் அது நீர்த்து நீர்த்து ஒன்றுமில்லாமல் போகும். கடைசியில் எங்கள் ரேடியேட்டரில் இருந்தது செங்கல் கலர் கஷாயம்.

அடைக்கும் திரவம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரேடியேட்டரில் மஞ்சள்தூள் போடும் கைவைத்தியம் கேள்விப்பட்டிருப்பீர்கள், அதன் கடை வடிவம்தான் இது. நடு ரோட்டில், நடு ராத்திரியில் வீடு போய்ச் சேர உதவினால் சந்தோஷம். ஆனால் அதற்கு ஒழுக்கு எது, குழாய் எது என்று தெரியாது. ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களில் போய் உட்கார்ந்துகொண்டால் அடைப்பை எடுப்பது பெரும்பாடு. எங்களுக்கு அதைவிடப் பெரிய நஷ்டம், ரெண்டு மாதம் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நம்பியது.

முள் ஏறினால் என்ன செய்வது? ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுசாகத் திறந்து, ஃபேனை வேகமாக வையுங்கள். வியர்த்துக் கொட்டும், ஆனால் இன்ஜின் சூட்டில் கொஞ்சம் உங்கள் மேல் வந்துவிடும். நிறுத்த முடிகிற முதல் இடத்தில் நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். நிழல், டீக்கடை, பங்க் எதையும் தேடாதீர்கள். மூடியை அரை மணிக்கு மேல், ஹோஸை வெறும் கையால் பிடிக்க முடிகிற வரை தொடாதீர்கள். அதற்குப் பிறகு பாட்டில் தண்ணீர் ஊற்றுவதில் தப்பே இல்லை. பாட்டில் அதற்குத்தான். போய்ச் சேர்ந்த அன்றே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

வண்டி திரும்பி வந்து எட்டு மாதம் ஆகிறது. அப்பா ரிசர்வ் பாட்டிலில் அம்மாவின் நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டு, கிளவ் பாக்ஸில் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறார். ஞாயிறு காலை பானெட்டைத் திறக்கிறார், கோட்டைப் பார்க்கிறார், தேதி போட்டு "சரி" என்று எழுதுகிறார். இதுவரை எல்லா வரியிலும் "சரி"தான். போன மாதம் ஆயாவை செக்கப்புக்கு அவரே ஓட்டிக்கொண்டு போய் வந்தார்.

பி.கு.: கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம். ஆனால் ருசி இனிப்பு, நாயும் பூனையும் தேடி வந்து நக்கும், கொஞ்சமே போதும் உயிர் போக. கீழே சிந்தினால் உடனே கழுவுங்கள். மிச்சத்தைக் குடிதண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்க்ஸ் பாட்டிலிலோ ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள், பச்சை நிறத்தில் பார்க்க ஷர்பத் மாதிரியே இருக்கும். எங்கள் பழைய பாட்டிலை அம்மா நசுக்கிக் குப்பையில் போட்டுவிட்டார்.