தலை, தோல், குடலுக்கும் கணக்கு வேண்டும்

மறைமலைநகர், காட்டாங்கொளத்தூர், திருக்கச்சூர் பக்கத்து மாடு வளர்ப்போரும் மாட்டிறைச்சிக் கடைக்காரர்களும் கால்நடை பராமரிப்புத் துறைக்கும் நகராட்சிக்கும் வைக்கும் கோரிக்கைகள்:

மாட்டின் உயிர் எடையில் ஏறக்குறையப் பாதிதான் கறியாகக் கொக்கியில் தொங்குகிறது. மீதியெல்லாம் தலை, கால், தோல், ஈரல், குடல், ரத்தம், உள்கொழுப்பு, வயிற்றுக்குள் கிடக்கும் தீனி. ஏழை வீட்டுக் குழம்புக்குப் போவது பெரும்பாலும் இந்த மீதிதான். விலை பேசும்போது மட்டும் இது வெறும் கண்மதிப்பு.

காயடிக்காத காளைக்குத் தலையும் தோலும் கனக்கும். காயடித்த எருதுக்குக் குண்டிக்காயைச் சுற்றியும் குடல் சவ்விலும் கொழுப்பு படியும். வயது ஏறினால் கொழுப்பின் பங்கு கூடும். குடல், ஈரலின் பங்கு குறையும். ஆனால் இந்தக் கணக்குகளில் பெரும்பகுதி, ஒன்றரை இரண்டு வயதில் கொழுக்கவைத்து அறுக்கும் நாடுகளில் எடுத்தவை. இங்கே 1958ஆம் ஆண்டு தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, 10 வயது தாண்டி வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாத மாட்டுக்கும், காயத்தாலோ தீராநோயாலோ முடங்கிய மாட்டுக்குமே அறுப்பதற்குச் சான்று கிடைக்கும். பசுவையும் கிடாரியையும் அறுக்க 1976 அரசாணை தடுக்கிறது. வைக்கோலில் வளர்ந்து, நுகத்தடி கழுத்தைக் காய்க்கவைத்த கிழ எருதுக்கு அயல்நாட்டு அட்டவணை எப்படிப் பொருந்தும்? அதன் ஈரலைத் தட்டைப்புழு துளைத்திருந்தால் அதையும் கழிக்க வேண்டுமே.

ஆகவே, பக்கத்திலேயே காட்டுப்பாக்கத்தில் இருக்கும் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழக (தனுவாஸ்) ஆராய்ச்சி நிலையத்தின் துணையோடு, அறுக்கும் ஒவ்வொரு மாட்டின் உறுப்புகளையும் ஓராண்டு தனித்தனியே நிறுத்துப் பதிய வேண்டும். காளையா எருதா, எந்த வயதில் காயடித்தது, வயிற்றுத் தீனி எத்தனை கிலோ என்பதெல்லாம் அதில் வர வேண்டும். சந்தைக்கு ஓட்டுமுன் தண்ணீர் காட்டி எடை ஏற்றும் வித்தை எங்களில் சிலருக்கும் தெரியும். அதனால்தான் தீனியைத் தனியே கேட்கிறோம். முடிவை எளிய தமிழில் தாருங்கள்.

வயதுக்குப் பல்லை மட்டும் நம்ப முடியாது. ஐந்து வயதுக்குள் எட்டுப் பல்லும் போட்டுவிடும். அப்புறம் தேய்மானத்தை வைத்து ஊகம்தான். 12 இலக்கக் காதுவில்லைப் பதிவில் பிறந்த தேதியும் காயடித்த தேதியும் ஏற வேண்டும். 10 வயது வரம்பைப் பற்றி நாங்கள் எதுவும் கேட்கவில்லை. அதில் எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை.

கட்டை வைத்து நசுக்கிக் காயடிப்பது நிற்க வேண்டும். கால்நடை மருத்துவரே ஊருக்கு வந்து, மரத்துப்போகும் ஊசி போட்டுச் செய்ய வேண்டும்.

உரித்த தோலுக்குச் சில மணி நேரத்தில் உப்பு ஏறாவிட்டால் மயிர் உதிர்ந்து வீணாகும். அறுக்கும் இடத்தில் உப்பிட ஒரு மேடை, குடல் கழுவ ஓடும் தண்ணீர், மேலே கூரை வேண்டும். இவற்றுக்கு எந்த ஆராய்ச்சியும் தேவையில்லை. ஐப்பசி மழைக்கு முன்பே கட்டிவிடலாம்.