கறை எங்கே இருக்கிறது?

நான் எழுதப் போவது கழிப்பறைப் பீங்கானைப் பற்றி. முகம் சுளிப்பவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடலாம். ஆனால் அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சென்ற மாதம் ஒரு நண்பரின் வீட்டுக்குப் போயிருந்தேன். படித்தவர். அவர் அலமாரியில் என் நாவல்களும் இருந்தன. பின்கட்டில் வேலைக்கார அம்மாள் ஒருவர், முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி மூச்சுமுட்ட இருமிக்கொண்டிருந்தார். பீங்கானில் ஆசிட் ஊற்றியிருக்கிறார்கள். கறை போகவில்லை என்று, அதன் மேலேயே பிளீச்சிங் பவுடரையும் தூவச் சொல்லியிருக்கிறார்கள். நான் பதறி எழுந்தேன்.

“அவளுக்கு இதெல்லாம் பழக்கம், சார்!” என்றார் நண்பர்.

பழக்கமாம்! ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு பிறக்கும். 1915-இல் ஈப்ர் போர்முனையில் மனிதர்களைக் கொல்வதற்கென்றே திறந்துவிட்டார்களே, அதே வாயு. அது எந்த நுரையீரலுக்கு ஐயா பழக்கம்?

அப்படி என்னதான் கறை அது? ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, நாளாக ஆகக் கல்லாகப் படிகிறது. நீங்கள் குளிக்க வெந்நீர் போடும் அண்டாவின் அடியில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டுகிறதே, அதே சரக்குதான். அதன் சொரசொரப்பில் அழுக்கு ஒட்டி நிறம் ஏறுகிறது. அவ்வளவுதான்!

ஆசிட் அதைக் கரைக்காதா? கரைக்கும், கூடவே சிமெண்டையும் உலோகத்தையும் ஊற்றுகிறவர் கையையும் அரிக்கும். எலுமிச்சை உப்பு என்கிறோமே, அந்தச் சிட்ரிக் அமிலமும் கரைக்கும். இரவு படுக்கப் போகுமுன், பீங்கானில் தேங்கிய நீரை முகந்துவிட்டு நாலைந்து கரண்டி தூவி, கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் விடுங்கள். நீர் எட்டாத இடத்தில் அந்தக் கரைசலில் நனைத்த பழந்துணியை ஒட்டி வையுங்கள். காலையில் தேய்த்துக் கழுவுங்கள். போகாவிட்டால் மறுநாளும் செய்யுங்கள். இதனோடும் பிளீச்சிங் பவுடர் சேரக்கூடாது.

ஆக, தேவை ஓர் இரவுப் பொறுமை. அந்தப் பொறுமை இல்லாமல்தான் இன்னொருவரின் மூச்சைச் செலவழிக்கிறோம். “கூலி கொடுக்கிறோமே” என்பீர்கள். கூலி உழைப்புக்கு, நுரையீரலுக்கு யார் விலை பேசினார்கள்?

1901-இல் கல்கத்தா காங்கிரஸில் கழிப்பிடங்கள் நாறிக் கிடந்தன. அது தோட்டியின் வேலை என்றார்கள் தொண்டர்கள். காந்தி ஒரு துடைப்பத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு தாமே சுத்தம் செய்தார். நாம் காந்தியின் படத்தைக் கூடத்தில் மாட்டிவிட்டு, அந்தத் தொண்டர்களின் வழியில் நடக்கிறோம்.

என் வீடும் விலக்கல்ல. எங்கள் பின்கட்டிலும் ஓர் ஆசிட் பாட்டில் இருந்தது. அதை வாங்கி வைத்தவன் நானேதான். அன்று திரும்பியதும் அதைப் பார்த்தபோது, அந்த அம்மாளின் இருமல் என் காதில் கேட்டது. இப்போது எங்கள் வீட்டில் பீங்கானைத் தேய்ப்பது என் வேலை. நண்பருக்கு இந்தக் கட்டுரையைப் படித்தால் கோபம் வரும். வரட்டும், ஒரு பொட்டலம் எலுமிச்சை உப்போடு போய்ச் சமாதானம் செய்துகொள்கிறேன்.