பிராடக் புத்தகசாலை யாருடைய தர்மம்?

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாகாணத்து பிராடக் என்னும் சிற்றூரில் ஒரு பொதுப் புத்தகசாலை உண்டு. எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னீகியின் பணத்தால் அத்தேசத்தில் எழும்பிய 1,600-க்கு மேற்பட்ட புத்தகசாலைகளில் முதன்முதல் திறக்கப்பட்டது இதுவேயாகும். திறந்த வருஷம் 1889.

கட்டடத்தைப் பற்றி நாம் குறை சொல்ல வரவில்லை. வில்லியம் ஹால்சி வுட் என்பவர் அதைப் பழங்காலத்துக் கோட்டை போன்ற கல் கட்டடமாக அமைத்தார். 1893-ல் அது ஏறக்குறைய இரு மடங்காகப் பெருக்கப்பட்டு, 964 பேர் உட்காரும் சங்கீத மண்டபமும், தேகாப்பியாச சாலையும், நீச்சல் குளமும் சேர்ந்தன. இவை எல்லாவற்றையும்விட நமக்குப் பிடித்தது அதன் அடித்தளத்தில் அந்நாளில் இருந்த குளிக்கும் அறைகளே. உலையடியில் வெந்து கரி படிந்து வருகிறவனை, “அழுக்கன், வெளியே நில்” என்று சொல்லாமல், குளிக்க இடம் கொடுத்து மேலே அனுப்பிய புத்தகசாலை அது. இதை யார் செய்தாலும் பாராட்ட வேண்டியதுதான்.

ஆனால் தோழர்களே, மேலே போய்ப் படிக்க அவனுக்கு நேரம் எங்கே? அவ்வூர் எட்கர் தாம்சன் ஆலையில் 8 மணி நேர வேலை நடந்து வந்தது. 1888-ல் தொழிலாளர்களின் எதிர்ப்பை முறித்து, கார்னீகி கம்பெனியார் அதைத் திரும்பவும் 12 மணி நேரமாக்கினார்கள். அடுத்த வருஷமே புத்தகசாலை திறக்கப்பட்டது! பெருந்தொகையைக் கூலியாகச் சில்லறை சில்லறையாகப் பங்கிடுவதைவிட, ஒருவரிடம் சேர்த்துப் பொதுக் காரியத்துக்குச் செலவழிப்பதே ஏழைகளுக்கு நல்லது என்று கார்னீகி எழுதியதும் அதே 1889-ல்தான். அதாவது, உன் காசை எப்படிச் செலவழிப்பது என்பது உனக்குத் தெரியாது, எனக்குத்தான் தெரியும் என்பதே அதன் பொருள். 1892-ல் பக்கத்து ஹோம்ஸ்டெட் ஆலையில் கூலிக் குறைப்பை எதிர்த்தவர்கள் மீது 300 கூலிக் காவலர்கள் ஏவப்பட்டு, இரு தரப்பிலும் உயிர்கள் போயின. அங்கும் 1898-ல் ஒரு புத்தகசாலை திறந்தார்கள்!

கார்னீகி கல் நெஞ்சர் என்பதல்ல நம் வாதம். ஏழைப் பையனாக இருந்தபோது, கர்னல் ஆண்டர்சன் என்பவர் வேலைக்காரச் சிறுவர்களுக்குத் திறந்துவிட்ட சுமார் 400 புத்தகங்களைக் கொண்டு அவரே அறிவு பெற்றவர். அந்த நன்றி உண்மையானது. ஆயினும் பிராடக் கட்டடத்துக்குக் கொடுத்த பணம் யாருடைய வேர்வையில் விளைந்தது என்பதை அந்த நன்றி மாற்றிவிடாது.

பிற்பாடு எஃகுத் தொழில் நலிந்து ஊரும் இளைத்தது. 1974-ல் புத்தகசாலை மூடப்பட்டு, கட்டடம் இடிபடும் நிலைக்கு வந்தது. அப்போது காப்பாற்ற எந்தக் கோடீஸ்வரரும் வரவில்லை. கடைசியாக அங்கே வேலை பார்த்த புத்தகசாலை அதிகாரியும் ஊராருமே முன்னின்று தடுத்தார்கள். 1983-ல் அதில் ஒரு பகுதியைக் குழந்தைகளுக்காகத் திரும்பத் திறந்தார்கள்.