சத்தம் போட்டால் சக்தி கூடுமா?

வயலில் ஒரு டிராக்டர் உழுகிறது. ஊருக்குள் திண்ணையில் பேசிக்கொண்டிருப்பவர்கள் பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள். "யார் வண்டி?" என்று யாரும் கேட்பதில்லை. சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். அது சைலன்சர் இல்லாத வண்டி!

பல ஊர்களில் காணும் காட்சி இது. வண்டி பழையது. ஆனால் எஞ்சின் நன்றாக இருக்கிறது. கலப்பையை நன்றாகத் தூக்குகிறது. சைலன்சர் மட்டும் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. சொந்தக்காரர் என்ன செய்தார்? அதைக் கழற்றி எறிந்தார். ஒரு வெறுங்குழாயை வெல்டிங் வைத்து மாட்டிவிட்டார். "செலவு மிச்சம். இழுவையும் கூடிவிட்டது" என்கிறார்.

இழுவை கூடவில்லை. கூடியது சத்தம் மட்டும்தான்.

பழைய வண்டியின் பரம்பரை

இப்படி உழைக்கும் பழைய வண்டிகளில் 'மாஸி'க்குத் தனி இடம் உண்டு. அதன் பாட்டன் இங்கிலாந்தில் பிறந்தவன். அயர்லாந்துக்காரரான ஹாரி பெர்குசன் அமைத்த சின்னஞ்சிறு சாம்பல் நிற டிராக்டர் அது. 1946 முதல் 1956 வரை கவென்ட்ரி நகரில் 5 லட்சத்துக்கும் அதிகமாகத் தயாராயிற்று. அந்த வழியில் வந்ததுதான் மாஸி பெர்குசன் 35. சென்னையில் 1960-ல் தோன்றிய 'டாஃபே' கம்பெனி மாஸி பெர்குசன் வண்டிகளை இங்கேயே செய்தது.

இங்கிலாந்தில் அந்தச் சாம்பல் நிற வண்டியை இப்போதும் ஆசையாக வைத்திருப்பவர்கள் உண்டு. அதற்கென்றே புதிதாகச் செய்த சைலன்சர் அங்கே விலைக்குக் கிடைக்கிறது. ஆண்டில் சில நாள் விழாவுக்கு ஓட்டும் வண்டிக்கு அங்கே சைலன்சர் வாங்கி மாட்டுகிறார்கள். நாள் முழுவதும் உழும் வண்டிக்கு இங்கே வேண்டாம் என்கிறார்கள். வேடிக்கைதான்!

சக்தி எங்கே இருந்து வருகிறது?

டீசல் எஞ்சினுக்குச் சக்தி தருவது டீசல். எவ்வளவு டீசல் உள்ளே போக வேண்டும் என்பதைப் பம்பும், அதில் உள்ள கவர்னரும் முடிவு செய்கின்றன. புகை வெளியே போகும் குழாயைக் கழற்றியதால் பம்பு ஒரு சொட்டும் அதிகமாகக் கொடுக்காது. பிறகு இழுவை எப்படிக் கூடும்?

ஒன்று உண்மை. சைலன்சர் உள்ளே கரி அடைத்துக்கொண்டிருந்தால் புகை வெளியேற முடியாமல் எஞ்சின் திணறும். அதைக் கழற்றியதும் வண்டி துள்ளும். அது அடைப்பு நீங்கியதால் வந்த துள்ளல். நல்ல சைலன்சரை மாட்டினாலும் அதே துள்ளல் கிடைக்கும்.

மூன்று சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்று ஓடினால் அதற்குள் 3000 வெடிப்பு நடக்கிறது. ஒரு விநாடிக்கு 50 வேட்டு! சைலன்சருக்குள் துளையிட்ட குழாய்களும் அறைகளும் இருக்கின்றன. வேட்டுச் சத்தம் அந்த அறைகளில் முட்டி மோதி அடங்குகிறது. வெறுங்குழாயில் அது நேராக வெளியே வருகிறது. குழாயின் வாய்க்கும் ஓட்டுகிறவரின் காதுக்கும் எத்தனை அடி தூரம்?

போன காது வருமா?

சத்தத்தை டெசிபல் என்ற கணக்கில் அளக்கிறார்கள். 85 டெசிபல் சத்தத்தில் ஒருவர் நாளுக்கு 8 மணி நேரம் இருக்கலாம் என்பது நிபுணர்கள் சொல்லும் எல்லை. அதற்கு மேல் 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். 88 என்றால் 4 மணி. 91 என்றால் 2 மணி. 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம்தான்! கூரை இல்லாத பழைய டிராக்டர்களில் சைலன்சர் இருந்தாலே 90-க்கு மேல் போவது வழக்கம். அதையும் கழற்றிவிட்டால்?

உட்காதில் மயிரிழை போன்ற நுண்ணிய உறுப்புகள் இருக்கின்றன. பெரும் சத்தத்தில் அவை சாகின்றன. செத்தவை மீண்டும் முளைப்பதில்லை. மருந்தும் இல்லை. வலியும் இல்லை. அதனால்தான் யாருக்கும் தெரிவதில்லை.

முதலில் போவது கீச்சுக் குரல்கள். குருவிச் சத்தம் கேட்காது. பிறகு பேச்சில் எழுத்துகள் மங்கும். "பத்து" என்றால் "பட்டு" என்று காதில் விழும். "நான் கரடியாகக் கத்துகிறேன், இவர் காதில் வாங்குவதே இல்லை" என்று மனைவி கோபிக்கிறாள். டெலிவிஷன் சத்தத்தைக் கூட்டுகிறார் என்று பிள்ளைகள் முணுமுணுக்கிறார்கள். அவர் பிடிவாதக்காரர் அல்ல. அவருக்குக் கேட்கவில்லை.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. வண்டியைப் பின்னால் எடுக்கும்போது ஒரு குழந்தை ஓடி வருகிறது. யாரோ "நிறுத்து, நிறுத்து" என்று அலறுகிறார்கள். வெறுங்குழாய் வண்டியில் அந்த அலறல் யார் காதில் விழும்? மிச்சம் பிடித்த சைலன்சர் விலை அப்போது யாருக்கு ஞாபகம் வரும்?

சட்டமும் இதைச் சொல்கிறது. 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120-வது விதி, ஒவ்வொரு வண்டிக்கும் சைலன்சர் வேண்டும் என்கிறது. விவசாய டிராக்டரையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. வயலில் போலீஸ்காரர் வந்து பார்க்கப் போவதில்லை என்பது வேறு விஷயம்.

ஏன் துருப்பிடிக்கிறது?

மழைதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். பாதி உண்மை. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது! வண்டி நன்றாகச் சூடாகி ஓடினால் ஆவி வெளியே போய்விடும். ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தினால் சைலன்சருக்குள்ளேயே தண்ணீராகித் தங்கும். உள்ளிருந்தே அரிக்கும்.

மேல் நோக்கிய குழாய் என்றால் மழையும் சேர்ந்துகொள்ளும். மழைநீர் சிலிண்டருக்குள் இறங்கினால் எஞ்சினுக்கே ஆபத்து. வண்டி நிற்கும்போது குழாய் மேல் பழைய டப்பாவைக் கவிழ்த்து வைக்கும் பெரியவர்கள் கெட்டிக்காரர்கள்.

மாட்டும் முறை

பழைய சைலன்சரைக் கையோடு கடைக்கு எடுத்துப் போக வேண்டும். குழாயின் உள்வாய் அளவும், போல்ட் துளைகளின் இடைவெளியும் ஒத்துப்போக வேண்டும். வாய் சிறுத்த சைலன்சர் கூடாது. எஞ்சின் திணறிக் கரும்புகை கக்கும்.

கழற்றுவதில்தான் பொறுமை வேண்டும். அவசரக்காரர்கள் நீளக் குழாயை ஸ்பேனரில் செருகி முறுக்குகிறார்கள். துருவேறிய ஸ்டட் 'டக்'கென்று முறிகிறது. முறிந்த துண்டு வார்ப்பிரும்பு மேனிபோல்டுக்குள் மாட்டிக்கொள்கிறது. அதைத் துளைத்து எடுக்க, புதுச் சைலன்சர் விலைக்கு மேல் செலவாகலாம். முதல் நாள் இரவே நட்டுகளில் துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஊற வைக்க வேண்டும். காலையில் மீண்டும் விட வேண்டும். கொஞ்சம் கழற்றி, கொஞ்சம் திருப்பி முடுக்கி, மறுபடி கழற்ற வேண்டும். தீச்சுடர் காட்டுவதானால் கைதேர்ந்த மெக்கானிக் காட்டட்டும். மாஸி 35 வகையில் டீசல் டாங்கி பானெட்டுக்கு அடியில், எஞ்சினுக்கு மேலேயே இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

பிறகு பழைய கேஸ்கட்டைச் சுரண்டி, முகத்தைச் சுத்தமாகத் துடைத்து, புதுக் கேஸ்கட் வைக்க வேண்டும். பழைய கேஸ்கட்டையே வைப்பது கஞ்சத்தனம். நட்டு பித்தளையாக இருந்தால் நல்லது. துருவேறி ஒட்டிக்கொள்ளாது. ஒரு நட்டை முழுதும் முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது. மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். குழாய் இடத்தில் உட்காராவிட்டால் நட்டால் இழுத்துப் பிடிக்கக் கூடாது. மேனிபோல்டு விரிசல் விடும்.

சைலன்சர் போட்டால் எல்லாம் தீர்ந்ததா? இல்லை. நாள் முழுவதும் உழுகிறவர் காதுக்குக் காப்பும் போட வேண்டும். பஞ்சு வைத்துக்கொள்வது போதாது. காதடைப்பான் மலிவாகவே கிடைக்கிறது.

முதல் ஓட்டத்தில் சைலன்சரின் பெயிண்ட் தீய்ந்து புகையும். பயம் வேண்டாம். ஆனால் கொட்டகைக்குள் ஓடவிடக் கூடாது. அந்தப் புகையில் விஷ வாயு உண்டு. அரை மணி ஓடவிட்டு நிறுத்தி, ஆறிய பின் நட்டுகளை மீண்டும் ஒருமுறை முடுக்க வேண்டும். சேரும் இடத்தில் கறுப்புக் கோடு தெரிந்தால் புகை கசிகிறது என்று அர்த்தம். மறுபடி கழற்றிப் பார்க்க வேண்டும். கோடு இல்லையா? எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, வீட்டு வாசலில் நின்று யாராவது பெயர் சொல்லிக் கூப்பிடட்டும். ஸீட்டில் இருப்பவர் திரும்பிப் பார்க்கிறாரா என்று பார்க்கலாம்.