பேட்டரித் தீயும் தூய்மைப் பணியாளரும்

திருவரங்கத்தின் உத்தர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் காலையில் நுழையும் திருச்சி மாநகராட்சியின் குப்பை வண்டிகளில் பல இன்று பேட்டரியால் ஓடுகின்றன. அவற்றை ஓட்டுவோரும் குப்பையைத் தரம் பிரிப்போரும் பெரும்பாலும் பட்டியல் சாதியினர். புகை கக்காத வண்டியை நாம் வரவேற்கிறோம். ஆனால் லித்தியம் அயனி பேட்டரி தீப்பற்றினால் அருகில் நிற்கப்போவது யார் என்பதையும் கேட்டாக வேண்டும்.

இது வழக்கமான தீ அன்று. அடிபட்டாலோ அளவுக்கு மீறி மின்னேற்றினாலோ ஒரு மின்கலம் சூடேறி, எரியும் வாயுக்களைக் கக்கி, அடுத்த கலத்தையும் பற்றவைக்கிறது. உலர்தூள் கருவி வெளிச் சுவாலையை அடக்கலாம். உள்ளிருக்கும் வெப்பத்தைத் தணிக்காது. எனவே அணைந்த தீ பல மணி நேரம் கழித்தும் மீண்டும் மூளும். ஏராளமான நீரால் நெடுநேரம் குளிர்விப்பதே வழி. புகையில் ஹைட்ரஜன் புளோரைடு என்னும் நச்சு வாயுவும் இருப்பதால், சுவாசக் கருவியின்றி நெருங்கக் கூடாது.

சுரங்கங்களில் ஓடும் பெருவாகனங்களில் தீயைத் தானே கண்டறிந்து அணைக்கும் அமைப்பு பொருத்தப்படுகிறது. டீசல் தீக்காக உருவான அந்த அமைப்பும் பேட்டரித் தீக்குப் போதாது என்பதால், மின் வாகனங்களுக்கு மாறும் சுரங்க நிறுவனங்கள் புதிய வழிகளைத் தேடுகின்றன. கோடிக்கணக்கில் விலையுள்ள இயந்திரத்துக்குக் கிடைக்கும் இந்த அக்கறை, குப்பை வண்டி ஓட்டும் பெண்ணுக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

ஆபத்து வண்டியில் மட்டும் இல்லை. பழைய கைப்பேசி, பவர் பேங்க் ஆகியவற்றின் பேட்டரிகள் குப்பையோடு கலந்து வருகின்றன. அவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் உற்பத்தியாளர் மீது சுமத்துகின்றன. நடைமுறையில் அவை வந்து சேர்வது தூய்மைப் பணியாளரின் கைக்கே. அரியமங்கலம் குப்பைக் கிடங்கின் தீயையும் புகையையும் பல்லாண்டுகள் கண்ட நகரம் இது.

2022 மார்ச்சில் வேலூரில் ஒரு வீட்டில் மின்னேற்றத்தில் இருந்த ஸ்கூட்டர் எரிந்து தந்தையும் மகளும் இறந்தனர். அவ்வாண்டு நடந்த தொடர் விபத்துகளுக்குப் பின்னரே வாகன பேட்டரிக்கான தரவிதிகள் கடுமையாயின. 2024 ஜூனில் தென்கொரியாவின் ஹ்வாசோங்கில் லித்தியம் பேட்டரி ஆலை எரிந்து 23 பேர் மாண்டனர். பெரும்பாலோர் புலம்பெயர்ந்த தொழிலாளர். எங்கும் விளிம்பில் நிற்பவரையே தீ முதலில் தொடுகிறது.

எனவே நாம் கோருவன இவை: மின்னேற்றும் இடம் பணியாளர் ஓய்வறையிலிருந்து விலகி, தண்ணீர் வசதியோடு அமைய வேண்டும். வீங்கிய, சேதமடைந்த பேட்டரியைத் தனியே வைக்க இடம் வேண்டும். புகை கண்டால் வண்டியை விட்டு விலகித் தீயணைப்புத் துறையை அழைக்கப் பயிற்சி தர வேண்டும். எரிந்த வண்டியின் இழப்பை ஊதியத்தில் பிடிக்கக் கூடாது. அந்த அச்சம் இருக்கும்வரை எவரும் வண்டியை விட்டு விலக மாட்டார். ஒப்பந்தப் பணியாளருக்கும் காப்பீடு வேண்டும்.

மலக்குழி மரணங்களைத் தடுக்க 2013இல் சட்டம் வருவதற்குள் எத்தனையோ உயிர்கள் போயின. அதன் பிறகும் மரணங்கள் நிற்கவில்லை. பேட்டரித் தீக்கும் பிணங்களை எண்ணிய பிறகுதான் விதி வர வேண்டுமா?