குழல் ஊதும் இரட்டைக் குழந்தைகள்

கொட்டகையில் விளக்கு அணையும். அப்பொழுதும் பேச்சுச் சத்தம் ஓயாது. முறுக்கு விற்கும் பையன் குரல் கொடுப்பான். கைக்குழந்தை அழும். திடீரென்று திரையில் வெளிச்சம் விழும். கொழுகொழுவென்று இரண்டு குழந்தைகள் தோன்றிக் குழல் ஊதுவார்கள். அவ்வளவுதான்! மணலைக் குவித்து அதன் மேல் உட்கார்ந்திருக்கும் கூட்டம் கப்சிப் என்று அடங்கிவிடும்.

"ஜெமினி படம்டா!"

தர்மபுரி மாவட்டத்தில், பாலக்கோட்டை அடுத்த மாரண்டஹள்ளி போன்ற ஊர்களுக்கு, சினிமா இப்படித்தான் வந்தது. டூரிங் டாக்கி என்னும் கூடாரக் கொட்டகைதான் அந்தக் காலத்துப் பட்டிக்காட்டுக்குச் சினிமாவைக் கொண்டுவந்தது. அதில் படம் பார்த்த பெரியவர்களுக்குப் பல படங்களின் கதை மறந்து போயிருக்கும். அந்த இரட்டைக் குழந்தைகளை மட்டும் கேட்டுப் பாருங்கள். கையை வாய்க்கு நேரே வைத்து ஊதியே காட்டுவார்கள்.

மாரண்டஹள்ளியின் பெயரிலேயே கன்னடம் இருக்கிறது. 'ஹள்ளி' என்றால் கன்னடத்தில் கிராமம். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் காதில் விழும் எல்லைப் பகுதி அது. வீட்டில் தெலுங்கு பேசுகிறவருக்கும், சந்தையில் கன்னடம் பேசுகிறவருக்கும், பள்ளியில் தமிழ் படிக்கிற பையனுக்கும் அந்தக் குழந்தைகள் ஒரே சேதியைத்தான் சொன்னார்கள். குழல் ஓசைக்கு மொழி ஏது?

எழுத்துக்கு முந்திய எழுத்து

1951-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி, இந்தியாவில் நூற்றுக்குச் சுமார் 18 பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். படத்தின் ஆரம்பத்தில் வரிசையாக ஓடும் பெயர்கள் எல்லாம் மற்ற 82 பேருக்கு வெறும் கோடுகள்தான். படத்தை எடுத்தவர் யார் என்பதை அவர்களுக்கு எப்படிச் சொல்வது?

அதற்குத்தான் சின்னம். தீப்பெட்டி வாங்குகிறவர் பெயரைப் படித்தா வாங்கினார்? மேலே ஒட்டிய படத்தைப் பார்த்து வாங்கினார். பீடிக் கட்டும் அப்படித்தான். 1951-52-இல் நடந்த முதல் பொதுத் தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு தனிப் பெட்டி வைத்து, அதன் மேல் அவருடைய சின்னத்தை ஒட்டினார்கள். படிக்கத் தெரியாதவரும் தடுமாறாமல் ஓட்டுப் போட்டார். சர்க்கார் செய்த இந்த யுக்தியைச் சினிமா முதலாளிகள் அதற்கு முன்பே செய்துவிட்டார்கள்.

அவர்களில் கெட்டிக்காரர் எஸ். எஸ். வாசன். திருத்துறைப்பூண்டியில் பிறந்தவர். விளம்பரத் தொழிலில் கைதேர்ந்தவர். 1928-இல் 'ஆனந்த விகட'னை வாங்கி வளர்த்தார். குடுமி வைத்த விகடன் தாத்தாவின் முகத்தைத் தமிழ்நாடு முழுவதும் தெரியும்படி செய்தவர், சினிமாவுக்கும் அப்படி ஒரு முகம் வேண்டும் என்று நினைத்ததில் வியப்பில்லை.

சென்னையில் டைரக்டர் கே. சுப்பிரமணியத்தின் ஸ்டூடியோ தீப்பிடித்து எரிந்து ஏலத்துக்கு வந்தது. வாசன் சுமார் 86 ஆயிரம் ரூபாய்க்கு அதை எடுத்தார். 1940-ஆம் ஆண்டு வாக்கில் அது ஜெமினி ஸ்டூடியோ ஆயிற்று.

ஜெமினி என்ற பெயர் வந்த கதை இரண்டு விதமாகச் சொல்லப்படுகிறது. வாசனின் மனைவியாருடைய ராசி மிதுனம், ஆங்கிலத்தில் அதுதான் ஜெமினி என்பது ஒரு கதை. வாசனுக்குக் குதிரைப் பந்தயத்தில் ஆசை உண்டு, அவருடைய குதிரை ஒன்றின் பெயரே ஸ்டூடியோவுக்கு வந்தது என்பது மற்றொரு கதை. எது மெய்யானாலும், சின்னத்தில் வந்து நின்றவர்கள் இரட்டைக் குழந்தைகள்தான்.

இங்கே ஒரு வேடிக்கை. நம் பஞ்சாங்கத்தில் மிதுனம் என்றால் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்த ஜோடி. இரட்டைப் பிள்ளைகள் என்பது மேல்நாட்டு வழக்கம். கிரேக்கர்கள் தங்கள் கதையில் வரும் காஸ்டர், பொல்லக்ஸ் என்ற இரட்டையரையே வானத்தில் கண்டார்கள். வாசனின் ஸ்டூடியோவில் அந்தக் கிரேக்க வீரர்கள் நம் வீட்டுக் குழந்தைகளாகி, கையில் குழலைப் பிடித்துக் கொண்டார்கள்.

சிங்கமும் கொம்பும்

இந்த வழக்கம் உலகம் முழுவதும் இருந்தது. அமெரிக்காவின் மெட்ரோ கோல்ட்வின் மேயர் கம்பெனியின் சிங்கத்தை அறியாதவர் குறைவு. 1924-இல் அந்தக் கம்பெனி தொடங்கியபோது வந்த சிங்கம் ஊமைச் சிங்கம். படங்களே பேசாத காலம் அல்லவா? 1928-இல் ஜாக்கி என்ற சிங்கம்தான் முதன்முதலாகக் கர்ஜித்தது. ஒன்று மாற்றி ஒன்றாகப் பல சிங்கங்கள் வந்தன. 2021-இல் கம்ப்யூட்டரில் உண்டாக்கிய சிங்கம் வந்துவிட்டது. அதற்குத் தீனி போட வேண்டிய வேலை இல்லை!

மராட்டியத்தில் 1929-இல் தோன்றிய பிரபாத் கம்பெனியின் சின்னம், நீண்ட கொம்பு ஊதும் பெண். நம் பக்கம் விஜயா கம்பெனிக்கு அனுமார் கொடி பறந்தது. ஏ.வி.எம். ஸ்டூடியோவின் உருண்டை, சென்னை வடபழனிக்குப் போகிறவர்களுக்கு அடையாளமே ஆயிற்று.

மாரண்டஹள்ளிக்கு இவர்களை எல்லாம் விடப் பக்கத்து ஸ்டூடியோ ஒன்று இருந்தது. சேலத்தில் டி. ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ்! 1965-இல் தர்மபுரி தனி மாவட்டம் ஆகும் வரை இரண்டு ஊர்களும் ஒரே சேலம் மாவட்டம்தான். நூற்றுக்கு மேற்பட்ட படங்களை எடுத்த ஸ்டூடியோ அது. தமிழின் முதல் முழு வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-இல் அங்கிருந்துதான் வந்தது. ஏற்காடு சாலையில் மிஞ்சி நிற்பது அதன் நுழைவாயில் வளைவு.

முத்திரையின் பொருள்

சின்னம் என்பது வெறும் அலங்காரம் அல்ல. அது ஒரு வாக்குறுதி. வண்டி கட்டிக்கொண்டு, பெண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு படத்துக்கு வருகிறவர் காசைக் கொடுத்த பிறகுதான் படத்தைப் பார்க்கிறார். பிடிக்காவிட்டால் காசு திரும்பி வராது. இரட்டைக் குழந்தைகளைக் கண்டதும் அவருக்கு ஒரு தைரியம். 1948-இல் வந்த 'சந்திரலேகா'வின் முரசு நடனத்தைப் பார்த்தவர், 1953-இல் 'ஒளவையா'ருக்கும் அந்தக் குழந்தைகளை நம்பி வந்தார். 'சந்திரலேகா' இந்தியிலும் ஓடியபோது, வடநாட்டுக் கொட்டகைகளிலும் இந்தக் குழல் ஊதிற்று. அந்த ஸ்டூடியோவில் வேலை பார்த்த கணேசன் என்ற இளைஞர், பிறகு அதன் பெயரையே தம் பெயருக்கு முன்னால் சேர்த்துக்கொண்டு ஜெமினி கணேசன் ஆனார். அவ்வளவு மதிப்பு அந்தப் பெயருக்கு.

வாசன் 1969-இல் காலமானார். அடுத்த பத்தாண்டுகளில் ஸ்டூடியோ நொடித்தது. அது இருந்த இடத்தில் ஓட்டலும் கட்டடங்களும் எழும்பிவிட்டன. 1973-இல் பக்கத்தில் கட்டிய சென்னையின் முதல் மேம்பாலத்துக்கு அண்ணா மேம்பாலம் என்பது சர்க்கார் வைத்த பெயர். ஜனங்கள் வைத்த பெயர் ஜெமினி மேம்பாலம்.

கட்டடம் போனது போகட்டும். இப்பொழுது குழந்தைகளையும் அல்லவா வெட்டுகிறார்கள்!

டெலிவிஷனில் பழைய படம் போடும்போது பல நேரங்களில் ஆரம்பம் இருப்பதில்லை. நேரத்தை மிச்சம் பிடிக்கிறார்களாம். செல்போனில் பார்க்கக் கிடைக்கும் படங்களிலும் பலவற்றில் யார் யாருடைய முத்திரையோ முன்னால் நிற்கிறது. படத்தை எடுத்தவரின் முத்திரை இல்லை. பேரன் பார்க்கிறான். படம் யாருடையது என்று அவனுக்குத் தெரியாமலே போகிறது.

மிச்சம் பிடிக்கும் நேரம்தான் எவ்வளவு? ஃபிலிம் நிமிஷத்துக்கு 90 அடி ஓடும். 15 விநாடிச் சின்னத்துக்கு 22 அடி ஃபிலிம் போதும். அதை வெட்டியவர்கள் நடுவில் விளம்பரத்துக்குக் கொடுக்கும் நேரத்தைக் கணக்குப் பாருங்கள்!

ஏற்கெனவே அந்த 22 அடிக்குத்தான் ஆபத்து அதிகம். சின்னம் இருப்பது முதல் ரீலின் தலைப்பில். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஆபரேட்டர் மெஷினில் கோப்பது அந்தப் பக்கத்தைத்தான். கீறல் விழுவதும் அறுவதும் அங்கேதான் முதலில். அறுந்த இடத்தை வெட்டிவிட்டு ஒட்டுவார்கள். ஊர் ஊராய்ச் சுற்றிய பிரதியில், கதை முழுசாக இருந்தாலும் ஆரம்பம் பாதிதான் மிஞ்சும். கிடைத்த நல்ல பிரதியிலும் நாமே கத்தரி போடலாமா?

பழைய படங்களை ஒளிபரப்புகிறவர்கள் சின்னத்திலிருந்து தொடங்க வேண்டும். உரிமை வாங்கியவர்கள் தங்கள் முத்திரையை அதற்கு முன்னால் வைத்துக்கொள்ளட்டும். எடுத்தவர் முத்திரையின் இடத்தில் வைக்க வேண்டாம். படங்களைப் பாதுகாக்கவென்றே 1964-இல் புனாவில் தொடங்கிய தேசியத் திரைப்படக் காப்பகம் இருக்கிறது. முழு ஆரம்பத்தோடு உள்ள பிரதி யாரிடம் இருந்தாலும், அது போய்ச் சேர வேண்டிய இடம் அது.

வீடுகளில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கொட்டகை வாசலில் வெட்டி எறிந்த ஃபிலிம் துண்டுகளைப் பொறுக்கி, கண்ணாடியில் வெயில் பிடித்து, சுவரில் படம் காட்டி விளையாடிய பிள்ளைகள்தான் இன்றைய தாத்தாக்கள். பழைய டிரங்குப் பெட்டியின் அடியில் அப்படி ஒரு துண்டு அகப்பட்டால், குப்பையில் போடுமுன் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். இரண்டு குழந்தைகள் குழல் ஊதிக்கொண்டு இருக்கலாம்.